ஒரே சைக்கிள் வாங்குவதென்றால் டயரிலிருந்து தொடங்குங்கள்

நான் சொந்தக் காசில் வாங்கிய முதல் "நல்ல" சைக்கிள் ஒரு ரோடு பைக். டயரின் அகலம் 23 மில்லிமீட்டர். கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு நூல் கூட இருக்கும், அவ்வளவுதான். ஞாயிறு விடிகாலையில் ஈசிஆரில் மாமல்லபுரம் வரை போய்வர அதைப்போல ஒரு வண்டி கிடையாது. திங்கட்கிழமை வேளச்சேரியிலிருந்து அலுவலகத்துக்குக் கிளம்பும்போதுதான் கதை மாறும். தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளம், ரோட்டு மட்டத்துக்கு நான்கு விரல் கீழே இறங்கியிருக்கும் சாக்கடை மூடி, வெள்ளைக் கோடு அழிந்துபோன வேகத்தடை. முதல் மூன்று மாதத்தில் ஐந்து பஞ்சர். அதில் நான்கு, முள்ளோ ஆணியோ குத்தி வந்ததல்ல. பள்ளத்தின் விளிம்பில் சக்கரம் இடித்து, ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே டியூப் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை.

சரி, அகலமான டயரைப் போட்டுவிடுவோம் என்று மெக்கானிக்கிடம் போனேன். அவர் குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்தார். ஒரு ஸ்போக்ஸ் கம்பியை எடுத்து டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் விட்டுப் பார்த்தார். "இதுல 25க்கு மேல எதுவும் போகாது சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். டயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். அது உட்காரும் இடத்தை மாற்ற முடியாது. வாங்கும்போது இது எனக்குத் தோன்றவே இல்லை.

சைக்கிள் கடையில் நம்மிடம் வழக்கமாகக் கேட்பவை மூன்று: பட்ஜெட் எவ்வளவு, கியர் வேண்டுமா, ஷாக் அப்சார்பர் வேண்டுமா. நாம் திருப்பிக் கேட்க வேண்டியது ஒன்று: இந்த ஃபிரேமில் எந்த அகலம் வரை டயர் போகும்? ஒரே சைக்கிளில் ஆபீசுக்கும் போக வேண்டும், காய்கறியும் வாங்கிவர வேண்டும், எப்போதாவது நூறு கிலோமீட்டர் ஊர் சுற்றவும் வேண்டும் என்பவருக்கு இதைவிட முக்கியமான கேள்வி இல்லை என்பது என் கட்சி.

டயரில் எழுதியிருப்பது என்ன?

வீட்டில் ஏதாவது சைக்கிள் இருந்தால் அதன் டயர் பக்கவாட்டைத் துடைத்துப் பாருங்கள். பல எண்கள் இருக்கும். அவற்றில் 37-622 என்பது போல நடுவில் சிறு கோடு போட்ட ஒரு ஜோடியைத் தேடுங்கள். முதல் எண், டயரின் அகலம் மில்லிமீட்டரில். இரண்டாவது எண், டயரின் ஓரம் ரிம்மில் போய் உட்காரும் இடத்தின் விட்டம். இரண்டாவது எண் ரிம்மோடு அப்படியே பொருந்த வேண்டும், ஒரு மில்லிமீட்டர்கூட விட்டுக்கொடுக்காது. முதல் எண்ணில்தான் நமக்குச் சுதந்திரம் உண்டு.

மற்ற எண்களை நம்பிக் கடைக்குப் போனால் குழப்பம்தான். இன்றைய ரோடு பைக்கிலும், அதற்கும் மலைச் சைக்கிளுக்கும் நடுவான ஹைபிரிட்டிலும் இருக்கும் 700சி என்பதன் ரிம் விட்டம் 622. மலைச் சைக்கிள்காரர்கள் 29 இஞ்ச் என்று சொல்வதும் அதே 622தான். ஐரோப்பாவில் அதையே 28 இஞ்ச் என்பார்கள். ஆனால் நம் ஊர்ப் பெரிய கறுப்பு சைக்கிளின் 28 இஞ்ச் சக்கரம் 635. அதாவது நம் 28, அவர்களுடைய 29ஐவிடப் பெரியது! 26 இஞ்சிலும் இதே கூத்து. மலைச் சைக்கிளின் 26 என்பது 559, பழைய லேடீஸ் சைக்கிளின் 26 × 1⅜ என்பது 590. ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது.

இந்தக் குளறுபடிக்குக் காரணம், பழைய அளவுகள் ரிம்மை அளக்காமல் காற்றடித்த டயரின் வெளிவிட்டத்தை அளந்ததுதான். பிரெஞ்சுக்காரர்களின் 700 என்பது ஏறக்குறைய 700 மில்லிமீட்டர் வெளிவிட்டம். கூடவே வரும் எழுத்து டயர் எவ்வளவு பருமன் என்பதைச் சொன்னது: ஏ என்றால் மெலிந்தது, சி என்றால் தடித்தது. 622 ரிம்மில் வெளிவிட்டம் 700 வர வேண்டுமானால் டயர் 39 மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டும், கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆக, மெல்லிய டயருக்கு அடையாளமாகிவிட்ட 700சி, பிறந்தபோது தடித்த டயருக்கான அளவு. மெல்லிய டயர் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

அம்பத்தூரில் 1949இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ் ஆகட்டும், ராலே, அட்லஸ் ஆகட்டும், பால்காரரும் தபால்காரரும் மிதித்த பெரிய சைக்கிளின் டயர் 28 × 1½. ஒன்றரை இஞ்ச் என்றால் 38 மில்லிமீட்டர். பின்னால் ஒரு மூட்டை, முன்பாரில் ஒரு பிள்ளை, கீழே மண்ரோடு என்று எல்லாவற்றையும் தாங்கியது அந்த 38தான். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மெல்லிய டயர் வேகம், தடித்த டயர் மந்தம்?

பள்ளிக்கூட நாளிலிருந்தே நம் மனதில் பதிந்திருப்பது இது. ரோட்டில் கொஞ்சமாகத் தொட்டால் உராய்வு குறைவு, உராய்வு குறைந்தால் வேகம் என்ற கணக்கு. கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் டயர் உருளும்போது வீணாகும் சக்தி பெரும்பாலும் ரோட்டோடு உரசுவதால் போவதில்லை. ரப்பர் பந்தை இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் அது திரும்ப இடுப்பு வரை எழும்புவதில்லை அல்லவா? நசுங்கி விரிவதில் கொஞ்சம் சக்தி சூடாகிக் காணாமல் போகிறது. டயரும் சக்கரம் சுற்றும் நேரமெல்லாம் ரோட்டைத் தொடும் இடத்தில் நசுங்கி, தாண்டியதும் விரிகிறது. இழப்பு அங்கேதான்.

ஒரு சிறு கணக்கு. ஆள் 72 கிலோ, சைக்கிள் 13 கிலோ, மொத்தம் 85. இதில் பாதிக்குச் சற்று மேல், சுமார் 47 கிலோ, பின்சக்கரத்தில் இறங்கும். காற்றழுத்தம் 60 பிஎஸ்ஐ (கடையில் "பாயிண்ட்" என்பார்களே, அதுதான்) என்றால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 4.2 கிலோ. 47ஐ 4.2ஆல் வகுத்தால் 11 சதுர சென்டிமீட்டர் வரும். டயர் ரோட்டைத் தொடுவது அவ்வளவு இடத்தில்தான், தீப்பெட்டியின் முகத்தைவிடச் சிறியது. இந்தக் கணக்கில் டயரின் அகலம் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். அழுத்தம் ஒன்றாக இருந்தால் மெல்லிய டயரும் தடித்த டயரும் ஏறக்குறைய ஒரே அளவு இடத்தில்தான் ரோட்டைத் தொடும். வடிவம்தான் வேறு. மெல்லியது மாவிலை போல நீளமாகப் படியும், தடித்தது வெற்றிலை போல அகன்று படியும். நீளமாகப் படியும்போது டயரின் பக்கச்சுவர் அதிக தூரத்துக்கு மடங்க வேண்டியிருப்பதால் இழப்பும் கொஞ்சம் கூடும். ஆகவே ஒரே அழுத்தத்தில், ஒரே தரத்தில், தடித்த டயர்தான் லேசாக உருளும்.

நடைமுறையில் தடித்த டயரில் யாரும் அவ்வளவு காற்று அடிப்பதில்லை. அழுத்தத்தைக் குறைத்ததும் இரண்டும் கிட்டத்தட்டச் சமமாகிவிடுகின்றன. அப்புறம் தீர்மானிப்பது ரோடு. கண்ணாடி மாதிரி வழவழப்பான ரோட்டில் கல் போல இறுகிய மெல்லிய டயர் நன்றாக ஓடும். ஜல்லி நீட்டிக்கொண்டிருக்கும் ரோட்டில் அதே டயர் ஒவ்வொரு மேட்டுக்கும் உங்களைத் தூக்கித் தூக்கிப் போடும். அந்த அதிர்வு கை, முதுகு, தொடைச் சதையெல்லாம் பரவி வீணாகிறது. முன்னால் போவதற்காக நீங்கள் மிதித்த மிதியில் ஒரு பங்கு மேலும் கீழும் குலுங்குவதற்குச் செலவாகிறது.

பந்தயக்காரர்களே இதை ஒப்புக்கொண்டுவிட்டார்கள். இருபது வருடம் முன்பு ஐரோப்பியச் சாலைப் பந்தயங்களில் 23 மில்லிமீட்டர்தான் வழக்கம். இன்று 28ம் அதற்கு மேலும் சாதாரணம். சுமார் 260 கிலோமீட்டர் தூரத்தில் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் கருங்கல் பாவிய சாலையில் ஓடும் பாரிஸ்–ரூபே பந்தயத்தில் 30, 32 என்று இன்னும் தடிமனாகப் போடுகிறார்கள். அந்தக் கருங்கல் பாதையைப் பார்க்கும்போது எனக்கு எங்கள் சர்வீஸ் ரோடுதான் நினைவுக்கு வரும்.

தடித்த டயருக்குக் குறையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். எடை கூடும். சிக்னலில் நின்று நின்று கிளம்பும்போது அது தெரியும். மணிக்கு 35 கிலோமீட்டருக்கு மேல் போகிறவருக்குக் காற்றுத் தடையில் மெல்லியது சற்று லாபம். இன்னொன்று, விலை குறைந்த தடித்த டயர்களில் பக்கச்சுவர் செருப்புத் தோல் மாதிரி கனமாக இருக்கும், அது மடங்கி விரியவே பாதி பலம் போய்விடும். "தடித்த டயர் மந்தம்" என்ற பெயர் வந்ததில் பெரும்பங்கு இந்த மாதிரி டயர்களுக்கும், மலைச் சைக்கிளின் கொட்டை கொட்டையான பட்டன் டயர்களுக்கும் உண்டு. தார் ரோட்டில் பட்டன் தேவையே இல்லை. மழையில் வழுக்குமே என்று பயப்பட வேண்டாம். காரைப் போல டயருக்கு அடியில் தண்ணீர் தேங்கி மிதக்கும் வேகத்தில் சைக்கிள் போவதில்லை. ஈரத்தில் வழுக்குவது வெள்ளைக் கோடும் இரும்பு மூடியும்தான், அங்கே எந்தப் பட்டனும் காப்பாற்றாது.

காற்று எத்தனை பாயிண்ட்?

அகலத்தை மாற்றிவிட்டுக் காற்றைப் பழையபடியே கல் மாதிரி அடித்தால் மாற்றியதன் பலன் போய்விடும். ஹைபிரிட் வாங்கிய என் மைத்துனர் மாதக்கணக்கில் இப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். டயரில் அச்சிட்டிருந்த 85ஐப் பார்த்து 85 அடித்துவிட்டு, "மாப்ளே, இடுப்பு போகுது" என்பார். டயரில் அச்சிட்டிருப்பது தாங்கும் உச்சம், அத்தனையும் அடிக்க வேண்டும் என்ற கட்டளை அல்ல.

எழுபது, எழுபத்தைந்து கிலோ ஆளுக்கு, டியூப் போட்ட டயரில் பின்சக்கரத்துக்கு நான் அடிக்கும் கணக்கு இது: 28 மில்லிமீட்டருக்கு 80 பிஎஸ்ஐ, 32க்கு 65, 35க்கு 55, 40க்கு 45, 50க்கு 35. முன்சக்கரத்தில் எடை குறைவு, அதனால் ஐந்து பாயிண்ட் குறைத்துக்கொள்ளலாம். ஆள் கனமானவர் என்றாலோ கேரியரில் சுமை என்றாலோ பின்னால் ஐந்து, பத்து கூட்ட வேண்டும். இதை ஆரம்பமாக வைத்துக்கொண்டு ஒரு வாரம் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். வேகத்தடையில் ரிம் "டக்" என்று இடித்தால் காற்று போதாது. ரோட்டின் ஒவ்வொரு ஜல்லியும் உள்ளங்கையில் தெரிந்தால் காற்று அதிகம்.

இவ்வளவு குறைவாக அடித்தும் தடித்த டயர் ரிம்மில் இடிக்காமல் இருப்பதற்குக் காரணம் உள்ளே இருக்கும் காற்றின் அளவு. அகலம் ஒன்றரை மடங்கானால் கொள்ளளவு ஏறக்குறைய இரண்டேகால் மடங்காகும். 23ஐவிட 35இல் இரண்டு மடங்குக்கும் மேல் காற்று நிற்கும். என் பழைய வண்டியின் பாம்புக்கடிப் பஞ்சருக்கெல்லாம் மருந்து அதுதான். முள்ளுக்கு மட்டும் அகலம் மருந்தல்ல. நெருஞ்சியும் சீமைக்கருவேலமும் 23ஐயும் குத்தும், 50ஐயும் குத்தும். கிராமத்துப் பாதைகளில் போகிறவர்கள் உள்ளே முள்தடுப்புப் பட்டை வைத்த டயரைக் கேட்டு வாங்க வேண்டும். சற்றுக் கனம்தான், ஆனால் வெயிலில் உட்கார்ந்து டியூப் மாற்றுவதற்கு அது பரவாயில்லை.

சரி, எந்த அகலம்?

நல்ல தார் ரோடு மட்டும், கூட்டமாக வேகமாக ஓட்டுவது மட்டும் என்றால் 28 போதும். நகருக்குள் பெரும்பாலும் தார், ஆள் ஒல்லி, வாரக்கடைசியில் நீண்ட தூரம் என்றால் 32. ஏரிக்கரை மண்பாதை, ஊர்ப்பக்கத்துச் சரளை ரோடு, கேரியரில் சுமை, தொண்ணூறு கிலோ தாண்டிய உடம்பு இவற்றில் எது இருந்தாலும் 40க்கு மேலே போகத் தயங்க வேண்டாம். உண்மையிலேயே பாறையும் வேரும் நிறைந்த மலைப்பாதையில் ஓட்டுகிறவருக்குத்தான் 50ஐத் தாண்டிய டயரும் ஷாக் அப்சார்பரும். எல்லாமும் கொஞ்சம் கொஞ்சம் என்பவருக்கு 35 முதல் 40. கண்ணை மூடிக்கொண்டு ஒரு எண் சொல் என்றால் 38 என்பேன். பால்காரரின் ஒன்றரை இஞ்ச் இப்போது நினைவுக்கு வந்திருக்கும்.

ஆனால் இன்று 32 போதும் என்று வாங்குகிறவரும், 40 வரை போகும் ஃபிரேமாகப் பார்த்து வாங்குங்கள். பெரிய இடத்தில் சின்ன டயரைப் போடலாம், சின்ன இடத்தில் பெரிய டயரைத் திணிக்க முடியாது. நாளைக்கு வீடு மாறலாம், ரோடு மாறலாம், உடம்பும்தான்.

இதைக் கடையில் சோதிக்க ஒரு பென்சில் போதும். சாதாரணப் பென்சிலின் பருமன் சுமார் 7 மில்லிமீட்டர். பின்சக்கரம் ஃபிரேமுக்குள் நுழையும் இடத்தில், பெடல் அச்சுக்குச் சற்றுப் பின்னால், டயரின் இரண்டு பக்கமும் பென்சிலை விட்டுப் பாருங்கள். சக்கரத்தில் லேசாகக் கோட்டம் விழுந்தாலும் உரசாமல் இருக்கப் பக்கத்துக்கு 4 மில்லிமீட்டராவது காலியாக விட வேண்டும். 32 டயரின் இரு பக்கமும் பென்சில் தாராளமாகப் போனால் பக்கத்துக்கு 3 மில்லிமீட்டர் மிச்சம். ஆக 38 வரை போகலாம். முன் ஃபோர்க்கிலும், டயருக்கு மேலே பிரேக் இருக்கும் இடத்திலும் இதே சோதனை. ரோடு பைக்கில் ரிம்மைக் கவ்வும் பிரேக் பெரும்பாலும் 28க்கு மேல் இடம் கொடுக்காது. டிஸ்க் பிரேக் என்றால் அந்தத் தொல்லை இல்லை. மட்கார்டு மாட்ட நினைத்தால் இன்னும் கொஞ்சம் இடம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஆபீஸ் போகிறவர் மாட்டாமல் இருக்க முடியாது. இல்லாவிட்டால் முதுகில் சேற்றுக்கோடு நிச்சயம். ரிம்மின் உள் அகலத்தையும் கேட்டுவிடுங்கள். 19 மில்லிமீட்டர் இருந்தால் 28 முதல் 47 வரை தாராளமாகப் போடலாம்.

சைக்கிளின் மற்றவை

முன்பக்க ஷாக் அப்சார்பரை முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள். விலை குறைந்த சைக்கிள்களில் வருவது இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும், எழுந்து நின்று மிதித்தால் தண்ணீர்த் துருத்தி மாதிரி அமுங்கும், இரண்டு மழைக்காலத்தில் துருப்பிடித்து இறுகியும் போகும். அது செய்ய வேண்டிய வேலையை நகர ரோட்டில் 40 மில்லிமீட்டர் டயர் செலவில்லாமல் செய்துவிடும்.

"21 கியர்" என்ற எண்ணில் மயங்க வேண்டாம், அதில் பல ஒன்றின்மேல் ஒன்று விழுவதுதான். பார்க்க வேண்டியது மிக லேசான கியர்: முன்பக்கச் சிறிய பல்சக்கரத்தில் எத்தனை பல், பின்பக்கப் பெரியதில் எத்தனை. இரண்டும் 28 என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரு சுற்று, சைக்கிள் நகர்வது சுமார் 2.2 மீட்டர். முன்னால் 48, பின்னால் 14 என்றால் அதே ஒரு சுற்றுக்குச் சுமார் 7.5 மீட்டர். சென்னைக்குள் சுற்ற நடுவில் உள்ளதே போதும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளோ, கொல்லிமலையின் 70ஓ ஆசையில் இருந்தால், பின்பல் முன்பல்லுக்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்கும் வண்டியாகப் பாருங்கள்.

கேரியருக்கும் மட்கார்டுக்கும் ஃபிரேமில் திருகுத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். துளை இல்லாத அழகான வண்டிகள் நிறைய உண்டு. அவற்றில் காய்கறிப் பையைக் கைப்பிடியில் தொங்கவிட்டு முழங்காலில் இடித்துக்கொண்டே வர வேண்டியதுதான். நேர்க் கைப்பிடியா, வளைந்த கைப்பிடியா? நாளொன்றுக்கு இருபது கிலோமீட்டர் வரை நேரே போதும். 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்கும் பிரெவே ஓட்டங்கள் மாதிரி நீண்ட தூரத்துக்கு, கையை இடம் மாற்றி மாற்றி வைக்க வளைந்தது உதவும். உடம்புக்கு ஃபிரேம் அளவு சரியில்லை என்றால் இதுவரை சொன்ன எதுவும் பயன்படாது. ஏறி, தெருவை ஒரு சுற்று சுற்றிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

ஹைபிரிட், கிராவல், டூரிங் என்று கடையில் சொல்லும் பெயர்களுக்கு நான் பெரிய மதிப்புக் கொடுப்பதில்லை. 700சி சக்கரம், ஷாக் அப்சார்பர் இல்லாத ஃபோர்க், 40 வரை டயர் போகும் இடம், திருகுத் துளைகள், ஒரு லேசான கியர். இவை இருந்தால் அதை எந்தப் பெயரில் வேண்டுமானாலும் விற்கட்டும்.

வாங்கிய அன்றே அழுத்தம் காட்டும் பம்ப் ஒன்றும் வாங்கிவிடுங்கள். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து 45க்கும் 65க்கும் வித்தியாசம் சொல்ல நம்மால் முடியாது. கூடவே வால்வையும் பாருங்கள். பழைய சைக்கிளின் வால்டியூப் வால்வு ஒரு ரகம், மோட்டார் சைக்கிள் மாதிரி தடித்த வால்வு ஒரு ரகம். 700சி சக்கரங்கள் பலவற்றில் வருவதோ, தலையில் சிறு திருகு வைத்த ஒல்லியான வால்வு. ஊர்ப்பக்கத்துப் பஞ்சர் கடையில் காற்றுக் குழாயோடு வருகிறவர் அதைப் பார்த்ததும் "இது என்ன தம்பி, புதுசா இருக்கு?" என்பார். அதன் தலையில் திருகி அதைத் தடித்த வால்வாக மாற்றிக்கொள்ள விரல் நுனி அளவில் ஒரு பித்தளைத் துண்டு விற்கிறார்கள். என்னுடையது வீட்டுச் சாவிக்கொத்தில் தொங்குகிறது.